விழுங்கிய ‘ர’

எழுத வந்ததற்காக முதலில் என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் தவறியவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் தேத்தண்ணிக்குச் சீனி போதவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. எங்கள் ஊர் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா, “நீ வேலை செஞ்ச இடத்தப் பத்தி எழுதிக் குடு, மத்தவங்க எழுதுற மாதிரி இருக்கணும்னு இல்ல” என்று பலமுறை கேட்டார். எழுதத் தகுதியில்லாதவள் எழுதுகிறேன். அதற்குத்தான் மன்னிப்பு. எழுதப்போகும் விஷயத்துக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நல்ல பசி எடுக்கிறது.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மாத்தளையிலிருந்து நாவுல பக்கம் போகும் பெரிய வீதியில் ஒரு மசாலாச் சரக்கு ஸ்டோர் இருந்தது. மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் அங்கே வந்து காய்ந்து, சுத்தமாகி, சாக்கில் ஏறிக் கொழும்புக்குப் போகும். முற்றத்தில் படங்கு விரித்து மிளகு காயப்போடுவது, சுளகில் புடைப்பது, கராம்புக் காம்பு கிள்ளுவது, சாக்கு தைப்பது எல்லாம் எங்கள் வேலை. எங்கள் தோட்டத்துப் பெண்கள்தான் அங்கே அதிகம். கொழுந்து எடுக்கப் போவதைவிட அட்டைக் கடி இல்லாத வேலை என்று நானும் போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

முதலாளி கண்டியில் இருந்த ஒரு சிங்களப் பெரியவர். நாங்கள் அவரை மாத்தயா என்போம். எப்போதாவதுதான் வருவார். ஸ்டோரை நடத்தியது சுப்பர்வைசர். அவர் எங்களைப் போலவே தமிழர், எங்களைப் போலவே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். ஆனால் சுப்பர்வைசர் ஆன அன்றிலிருந்து அவர் எங்களோடு தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் சிங்களம். அதுவும் வாய் நிறைய வெற்றிலையோடு. சாவிக் கொத்தை இடுப்பு வாரில் ஒரு சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருப்பார். அவர் நடந்து வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும்.

எங்கள் வேலைக்கு இரண்டு நேரம் உண்டு. கொழும்பு லொறி வரும் நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து சாக்கு தைத்து ஏற்ற வேண்டும். லொறி வராத நாளில் ஏழு மணிக்கு வந்தால் போதும். லொறி வருமா வராதா என்பதை முதல் நாள் மாலையில் சுப்பர்வைசர் கேட்டருகே நின்று சொல்வார். சிங்களத்தில் நான்கு மணிக்கு என்பது ‘ஹத்தரட்ட’. ஏழு மணிக்கு என்பது ‘ஹத்தட்ட’. நடுவில் இருக்கும் அந்த ஒரு ‘ர’தான் வித்தியாசம். வாயில் வெற்றிலை இருந்தால் முதலில் சாகிற எழுத்தும் அதுதான்.

“ஹெட்ட உதே ஹத்...ட்ட என்ன” என்பார். நாளைக் காலை நான்குக்கோ ஏழுக்கோ வாருங்கள் என்று அர்த்தம். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் வாருங்கள். எங்களோடு கராம்பு கிள்ளிய பெரியக்கா அதை வைத்தே ஒருநாள் அழுத்திக் கேட்டார்.

“என்ன?”

“என்ன!” என்றார் சுப்பர்வைசர்.

“அதான் ஐயா, என்ன?”

“என்ன, என்ன!” என்று கையை வீசிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

“இந்தாளு ‘என்ன’ங்கிறாரு, நானும் ‘என்ன’ங்கிறேன். ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றோம், ஒண்ணும் வெளங்கல” என்றார் பெரியக்கா. எல்லோரும் சிரித்தோம். அது சிரிப்போடு முடிகிற காரியமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். லொறி வரும் நாளில் ஏழு மணிக்குப் போனால் அரைப் பேர்தான் போடுவார். பாதி நாள் சம்பளம் போய்விடும். லொறி வராத நாளில் நான்கு மணிக்குப் போனால் பூட்டிய கேட்டுக்கு வெளியே, உள்ளே குரைக்கும் நாயைக் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஏழு மணி என்பது எங்களுக்குத்தான். லொறி இல்லாத நாளில் அவர் வருவது ஒன்பதுக்கு.

அவருக்கு நாக்குத் தடிப்பு என்று முதலில் நினைத்திருந்தேன். கொஞ்ச நாளில் புரிந்தது. லொறி வருவது நிச்சயமில்லாதபோது அவர் எதையும் நிச்சயமாகச் சொல்ல விரும்பவில்லை. ‘ர’வை விழுங்கிவிட்டால் லொறி வந்தாலும் அவர் சொன்னது சரி, வராவிட்டாலும் சரி. தப்பு எப்போதும் எங்கள் காதில்தான். மறுபடி கேட்டால், ஒருமுறை சொன்னால் சொன்னதுதான் என்று முறைப்பார்.

அந்த ஒரு எழுத்தால் என் மானம் போனது.

அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். எங்களோடு அதே ஸ்டோரில் வேலை செய்த, தோட்டத்து மேல் டிவிசன் அக்காவின் தம்பி. தம்புள்ளையில் ஒரு மரக்கறிக் கடையில் நின்றார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒருமுறை தூரத்தில் பார்த்தேன். நெற்றியில் திருநீறு கலையாமல் தேங்காய் மூட்டை தூக்கிக்கொண்டு போனார். எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த அக்கா சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காருவார். அவர் கொண்டுவரும் ரொட்டியில் பாதியை என் தட்டில் வைப்பார். முடிவாகிவிட்டது போலத்தான் இருந்தது.

ஒரு மாலை சுப்பர்வைசர் வழக்கம்போல வார்த்தையைக் கடித்துத் துப்பிவிட்டுப் போனார். மற்றவர்கள் எல்லாரும் ஏழு என்றார்கள். எனக்கு நான்கு என்று கேட்டது. போன வாரம்தான் எனக்கு அரைப் பேர் போட்டிருந்தார். இன்னொரு தரம் பட்டால் நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் நான் தனியாகக் கிளம்பினேன். தோட்டத்துப் பாதை பெரிய வீதியில் சேரும் சந்தியில் ஒரு பொலிஸ் செக் பொயிண்ட் இருந்தது. லொறி நாட்களில் நாங்கள் கூட்டமாகப் போவதால் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு விடுவார்கள். அன்று நான் ஒருத்தி. எனக்கு அப்போது அடையாள அட்டை வந்திருக்கவில்லை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு இல்லை. எங்கே போகிறாய் என்றார்கள். வேலைக்கு என்றேன். இந்த நேரத்தில் என்ன வேலை என்றார்கள். எனக்குப் பயத்தில் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. வாய் திறக்காதவள் மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம்.

விடிந்ததும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒரு வாங்கில் உட்காரவைத்தார்கள். நான் ஸ்டோரின் பெயரைச் சொன்னேன். ஒரு பொலிஸ்காரர் ஸ்டோருக்குப் போன் எடுத்தார். சுப்பர்வைசர் பேசுகிறார் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. நான்கு மணிக்கு வரச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் வீட்டுக்குப் போய்விடலாம். போன் எடுத்தவர் கேட்டார்: “ஹத்தரட்டத, ஹத்தட்டத?” நான்குக்கா, ஏழுக்கா என்று.

மறுமுனையில் பதில் வந்தது. எனக்குக் கேட்கவில்லை. ஆனால் போன் எடுத்தவர் அதைத் திருப்பிச் சொன்னார். “ஹத்தட்ட.” ஏழு மணிக்கு.

பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

அப்பா தோட்டத்து ஆபீசுக்கு ஓடி, பெரிய கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு மறுநாள் மதியமாகிவிட்டது. அந்த இரவு முழுவதும் ஒரு பெண் பொலிஸ்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாணும் பருப்பும் கொடுத்தார். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? யாரும் கேட்கவில்லையே. கேட்டால் அல்லவா சொல்லலாம்.

வேலைக்குத் திரும்பிய நாள் மேல் டிவிசன் அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார். நான் குனிந்து சாப்பிட்டேன். தண்ணிப் பீலி பக்கத்தில் அவர் யாரோடோ பேசியது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

“ஸ்டேஷன்ல ராத்தங்கின புள்ளயாம். ஏழு மணி வேலைக்கு நாலு மணிக்கு ரோட்டுல என்ன சோலி? எங்க தம்பி ஒண்ணும் தெருவுல கெடந்து எடுத்தவன் இல்ல.”

எனக்கு ஒரே ஒரு வார்த்தை தேவைப்பட்டது. சுப்பர்வைசர் அன்று நான்கு என்றுதான் சொன்னார், அல்லது நான்கு என்று கேட்கும்படி சொன்னார். அதை அவர் வாயால் எல்லோரும் கேட்கச் சொன்னால் போதும். என் கல்யாணமும் பெயரும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன. இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் தராசடியில் நின்றபோது போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“ஐயா, அன்னைக்கு நாலுன்னுதான் சொன்னீங்க. அந்த அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க ஐயா.”

“மம கிவ்வே ஹத்தட்ட” என்றார். நான் சொன்னது ஏழு என்று.

“இல்லீங்க ஐயா...”

அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். நான் அங்கே சேர்ந்து முதல் தடவையாக அவர் வாயிலிருந்து தமிழ் வந்தது. நல்ல சுத்தமான தமிழ், முற்றம் முழுவதும் கேட்கும்படி.

“நீ எவனப் பாக்க அந்நேரத்துல கெளம்புனியோ, அத ஏங்கிட்ட வந்து கேக்குற?”

முற்றத்தில் சுளகுச் சத்தம் நின்றது. நான் என் இடத்துக்குப் போய்க் கராம்பு கிள்ளினேன். கண்ணீர் வரவில்லை. அன்றுதான் எனக்குள் ஒன்று உட்கார்ந்தது. இந்த மனிதனுடைய வாயாலேயே இந்த மனிதனை அடிக்க வேண்டும். எப்படி என்று தெரியாது. அடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் பீலியில் குளிக்கும்போதெல்லாம் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பேன். ஹத்...ட்ட. அவரைப் போலவே நாக்கை மடித்து, ‘ர’வைத் தொண்டைக்குள் தள்ளி. முதலில் பழிப்புக் காட்டத்தான் சொன்னேன். பிறகு அது ஒரு சாமி மந்திரம்போல ஆகிவிட்டது. மழைக்காலம் தொடங்கியபோது அவரே தோற்றுப்போகும் அளவுக்கு எனக்கு வந்துவிட்டது. நான்கு என்று நினைத்தால் நான்கு, ஏழு என்று நினைத்தால் ஏழு.

அந்த மழைக்காலத்தில் ஒரு மாலை. ஆபீஸ் அறையைக் கூட்டித் துடைப்பது அந்த வாரம் என் முறை. வெளியே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. சுப்பர்வைசர் மிளகு நனையாமல் படங்கு மூடுவதற்குப் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தார். பெரியக்கா கூரைக்குள் ஓடிவந்தவர், குளிருகிறது என்று எனக்கும் ஒரு வெற்றிலை மடித்து வாயில் திணித்தார். நான் வெற்றிலை போடும் பழக்கம் இல்லாதவள். துப்புவதற்குள் போன் அடித்தது.

சுப்பர்வைசர் வெளியில் இருந்தால் யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் எடுக்க வேண்டும் என்பது சட்டம். எடுத்தேன். மாத்தயாவின் குரல். நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன், சரக்கு வாங்க இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள், சுப்பர்வைசரிடம் சொல் என்றார். ஹத்தட்ட என்று தெளிவாகச் சொன்னார். பெரிய மனிதர்கள் வாயில் எழுத்துகள் விழாது.

போனை வைத்தேன். மழைக்குள்ளிருந்து சுப்பர்வைசர் கத்தினார்.

“மொகத?” என்ன விஷயம் என்று.

நான் வாசலுக்கு வந்தேன். வாயில் வெற்றிலை இருந்தது. அதை அப்போதுதான் உணர்ந்தேன். எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு தெளிவு அதற்கு முன் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“மாத்தயா நாளைக்கு வாராராம். ஹத்...ட்ட.”

“ஹத்தரட்டத?” நான்குக்கா என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அவர் எங்களுக்கு ஆட்டுவாரே, அதே ஆட்டல். மாத்தயா விடியற்காலை நான்குக்குக் கண்டியிலிருந்து வரமாட்டார். ஆகவே மாலை நான்கு என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு கூலிக்காரியிடம் அவர் இரண்டாம் தரம் கேட்பாரா?

“ஹரி, ஹரி” என்றார், சரி சரி என்று. படங்குப் பக்கம் திரும்பிவிட்டார்.

வேலை விட்டதும் அவர் கேட்டருகே நின்று எங்களுக்கும் அதே பாட்டைப் பாடினார். ஹெட்ட உதே ஹத்...ட்ட என்ன. போய்விட்டார். பெண்கள் கூடி நின்றார்கள்.

“நாலாடி, ஏழாடி?”

“ஏழுதான். லொறி முந்தாநாள்தானே போச்சு.”

நான் எப்போதும் பின்னால் நிற்பவள். அன்று முன்னால் வந்தேன்.

“நாலு. ஆபீசுல போன் வந்துச்சு, நான்தான் எடுத்தேன். எல்லாரும் ஒண்ணாப் போவோம். யாரும் தனியா வர வேணாம்.”

நான் போன் எடுத்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நம்பினார்கள். பெரியக்காவுக்கு மட்டும் வழியில் உண்மையைச் சொன்னேன். அவர் நடுப்பாதையில் நின்று, வெற்றிலைச் சாறு சட்டையில் வழிய வழியச் சிரித்தார்.

“ஆத்தாடி, ஊமச்சி மாதிரி இருந்துக்கிட்டு! ஒன்ன ஏழு தலமொறைக்குப் பகைக்கக் கூடாதுடி.”

“அக்கா, மழ வரணும்” என்றேன்.

மழை வந்தது. பலத்த மழையில்லை, நனைப்பதற்குப் போதுமான தூறல். எல்லோரும் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். செக் பொயிண்டில் டோர்ச் அடித்தார்கள். பெரியக்கா, “ஸ்டோருக்கு ஐயா, ஹத்தரட்ட” என்று ‘ர’வை நன்றாக உருட்டிச் சொன்னார். விட்டார்கள். பிறகு பூட்டிய கேட்டுக்கு வெளியே மதிலோரம் வரிசையாகக் குந்தினோம். உள்ளே நாய் குரைத்துக் களைத்தது. சிலர் என்னைத் திட்டினார்கள். லொறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, இவள் பேச்சைக் கேட்டு வந்தோமே என்று அதிகம் திட்டியது மேல் டிவிசன் அக்காதான். அவர் புடவை ஓரம் சேற்றில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

சரியாக ஏழுக்கு மாத்தயாவின் வேன் வந்தது. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். கேட் பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் நனைந்த சாக்குகள் வரிசையாக எழுந்து நின்றன. ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு மாத்தயாவைப் பார்த்தார். மாத்தயாவின் காது சிவந்துபோனது.

எப்போதிருந்து நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

“ஹத்தரட்ட ஆவா மாத்தயா” என்றார் பெரியக்கா. நான்குக்கு வந்தோம்.

வந்தவர்களுக்கு வேறு இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கேட்டின் இடுக்கு வழியாக முற்றத்தைப் பார்த்தார்கள். பிறகு வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மாத்தயா போகவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு கதிரை வாங்கிப்போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு நேராக உட்கார்ந்தார். எங்களுக்கெல்லாம் கடையில் பிளேன்டி சொன்னார். சூடான பிளேன்டியைக் குடித்துக்கொண்டு நான் வீதியைப் பார்த்திருந்தேன். அதைப் போல ருசியான பிளேன்டி அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சுப்பர்வைசர் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். ஹேண்டிலில் ஒரு பையில் மீன் தொங்கியது. வால் வெளியே தெரிந்தது. மாத்தயாவைக் கண்டதும் காலை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. மீன் பை தரையில் விழுந்தது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

இவர்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னாய் என்று மாத்தயா கேட்டார்.

“ஹத்...ட்ட மாத்தயா.”

“அதைத் துப்பிவிட்டுச் சொல்” என்றார் மாத்தயா சிங்களத்தில்.

அவர் தண்ணீர் ஓடும் கானோரம் போய்த் துப்பினார். திரும்பி வந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு என்று சொன்னால் இப்போது ஒன்பது. இரண்டு மணி நேரம் எங்கே இருந்தாய் என்ற கேள்வி வரும். நான்கு என்று சொன்னால், இத்தனை பெண்களை இருட்டில் வரச் சொல்லிவிட்டுச் சாவியோடு வீட்டில் தூங்கினாயா என்ற கேள்வி வரும். எத்தனையோ நாள் எங்களை அவர் நிறுத்திவைத்த இடத்தில் இப்போது அவர் நின்றார். இரண்டு பக்கமும் அடி. எந்தப் பக்கம் வலி குறைவு என்று மட்டும் பார்க்கலாம்.

“ஹத்தரட்ட” என்றார். லொறி வரும் என்று நினைத்தேன், இரவுதான் வராது என்று தெரிந்தது, சொல்லி அனுப்ப ஆள் இல்லை என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார்.

‘ர’ கேட்டது. சுத்தமாக, மணி அடித்தது போல. அவர் வாயிலும் அந்த எழுத்து இருந்திருக்கிறது.

பிறகு அவர் கையை என் பக்கம் நீட்டினார். மாத்தயா மாலை நான்குக்கு வருவதாக இவள்தான் சொன்னாள் என்றார். மாத்தயா என்னைப் பார்த்தார். வாயில் வெற்றிலை இல்லை.

“நான் ஹத்தட்டன்னுதான் சொன்னேன் மாத்தயா. ஐயா சொல்ற மாதிரியேதான் சொன்னேன்.”

நான் ஏழு என்றேன், அவளும் ஏழு என்கிறாள், உன் காதில் மட்டும் எப்படி நான்கு என்று விழுந்தது என்று மாத்தயா கேட்டார்.  அந்தக் கேள்விக்கு எங்களிடமும் ஒருபோதும் பதில் இருந்ததில்லை.

அப்போதுதான் நான் பேசினேன். எல்லோரும் இருந்தார்கள், மேல் டிவிசன் அக்காவும் இருந்தார். தமிழில்தான் பேசினேன். குரல் கீச்சென்று வந்தது, ஆனால் வந்தது.

“அன்னைக்கு என்னைய பொலிசு புடிச்ச அன்னைக்கும் நாலுன்னுதானே சொன்னீங்க ஐயா?”

மாத்தயா இது என்ன கதை என்று கேட்டார். பெரியக்கா சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னார். தராசடியில் எனக்குக் கிடைத்த அந்தத் தமிழ் வாக்கியத்தையும் மொழிபெயர்த்தார். மாத்தயா குடையை மடக்கினார். உண்மையா என்றார்.

சுப்பர்வைசர் தரையில் கிடந்த மீனைப் பார்த்தார். “ஓவ்” என்றார். ஆம்.

“தமிழ்ல சொல்லுங்க ஐயா. அந்த அக்காவுக்கு வெளங்கணும்.”

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

“நாலுன்னுதான் சொன்னேன்” என்றார்.

மாத்தயா சாவியைக் கேட்டார். சங்கிலி வாரில் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. உதவி செய்யப் போன ஒருத்தியைப் பெரியக்கா முழங்கையால் இடித்து நிறுத்தினார். எவ்வளவு நேரம் எடுத்தாலும் எங்களுக்கு அவசரமில்லை. கடைசியில் சாவி பெரியக்காவின் கைக்கு வந்தது. அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். சுப்பர்வைசர் லொறியில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். எங்களுக்கெல்லாம் அன்று முழுப் பேர் விழுந்தது.

பகல் சாப்பாட்டுக்கு மேல் டிவிசன் அக்கா தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தார். ஒன்றும் நடக்காதது போல.

“நம்ம புள்ளதானேன்னு நா அப்பவே தம்பிகிட்டச் சொன்னேன்” என்றார்.

நான் ரொட்டியைப் பார்த்தேன்.

“தம்பி நாளைக்கு லீவுல வாரான். சாயந்தரம் ஒங்க வீட்டுப் பக்கம் கூட்டிக்கிட்டு வாரோம் புள்ள. எத்தன மணிக்கு வரலாம்?”

நான் எதிரே இருந்த பெரியக்காவிடம் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு வெற்றிலையை மடித்துக் கொடுத்தார். நான் அதை வாயில் போட்டு நன்றாக மென்றேன்.

“ஹத்...ட்ட.”

“நாலுக்கா?”

நான் தலையை ஆட்டினேன். அவர் இன்னொரு தரம் கேட்க வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

மறுநாள் மாலை அவர்கள் நான்கு மணிக்கு எங்கள் லயத்துக்கு வந்தார்கள். நான் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனேன். இன்னும் இருந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.